மூலக்கடையிலிருந்து சேஷாசலம்: இரண்டு நாள் மலைநடைச் சேவை ஒன்றின் மதிப்புரை

வடசென்னையில் திருப்பதி மலையை அறியாதவர் என்று யாரும் இல்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் மஞ்சள் வேட்டியும் துளசி மாலையுமாகச் செங்குன்றம், பெரியபாளையம் வழியே நடந்தே போகிறவர்கள் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் திருக்குடைகள் யானைக்கவுனியைத் தாண்டும் நாளில் வால்டாக்ஸ் சாலையில் கால் வைக்க இடம் கிடைக்காது. இவ்வளவு பழகிய மலையில் நாம் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் தரிசன வரிசையும் லட்டு கவுண்டரும்தான். கோயில் இருக்கும் அந்த ஏழு மலைகள், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் நீண்டு கிடக்கும் சேஷாசலத் தொடரின் ஒரு மூலை மட்டுமே. அந்தத் தொடரைச் சேர்ந்த 4,755 சதுர கிலோமீட்டர் நிலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் 353 சதுர கிலோமீட்டரில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989 முதல் இருக்கிறது. அங்கே சிறுத்தையும் செந்நாயும் தேவாங்கும் வாழ்கின்றன என்பதைப் பக்கத்து மாநிலத்துச் செய்தியாகவே நாம் படித்துவிட்டுப் போகிறோம்.

அந்தக் காட்டைக் காட்டுவதாகச் சொல்லி மூலக்கடையிலிருந்து வார இறுதிப் பயணம் நடத்தும் ஒரு சிறு குழுவின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. குறைகளையும் வெளிப்படையாக எழுதப் போவதாலும், இதே பாதையில் இதே திட்டத்தோடு வேறு பலரும் வண்டி விடுவதாலும், குழுவின் பெயரைக் குறிப்பிடவில்லை. சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு மூலக்கடையில் வேன் ஏறினால் ஞாயிறு இரவு அதே இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். ஒருவருக்கு 3,200 ரூபாய். வேன், ஓர் இரவு விடுதி, இரண்டு நாள் சாப்பாடு, வழிகாட்டி, காட்டு நுழைவுக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம். முதல் நாள் சந்திரகிரிக் கோட்டை, ஸ்ரீவாரி மெட்டு வழியாகத் திருமலை ஏற்றம், விருப்பமிருந்தால் தரிசனம், சிலாதோரணம். இரண்டாம் நாள் முழுவதும் தலக்கோனாக் காடு. திட்டம் காகிதத்தில் அழகாகவே இருந்தது.

வண்டியைப் பற்றிக் குறை இல்லை. ஜனப்பன்சத்திரத்தில் இடப்பக்கம் திரும்பிப் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், பிச்சாட்டூர், புத்தூர் என்று போகும் பழைய சாலையை ஓட்டுநர் தேர்ந்தெடுத்தார். வேடிக்கை பார்க்க அதுவே தகுந்த வழி. நாம் பழவேற்காட்டில் கடலோடு சேரக் காணும் ஆரணியாறு இந்தச் சாலையில் மாறி மாறிக் குறுக்கிடுகிறது. சுருட்டப்பள்ளியில் அதன் கரையோரமாகவே பள்ளிகொண்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆலகால நஞ்சை உண்ட களைப்பில் சிவன் பார்வதியின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் கோலத்தை அங்கே காணலாம். லிங்கத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கிடந்த கோலம் வியப்புத் தரும். புத்தூரை நெருங்கும்போது நகரி மலையின் முனை, மூக்கை நீட்டியதுபோல் வானத்தில் எழும்பி நிற்கிறது. சென்னைக் கரையைத் தேடி வந்த ஆங்கிலேயக் கப்பலோட்டிகள் இந்த முனையையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். எங்களோடு வந்த காசிமேட்டுப் பெரியவர் ஒருவர், தாம் படகில் போன காலத்தில் மழை பெய்து வானம் வெளுத்த காலைகளில் மேற்கே இதே மூக்கைப் பார்த்துத்தான் கரையைக் கணக்கிட்டதாகச் சொன்னார். வழிகாட்டியின் ஒலிபெருக்கி உரையைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் சொல்லிற்று. புத்தூரைக் கடக்கையில், “கால் பிசகினாலும் கவலை இல்லைணா, கட்டு போடுற ஊரு வழியிலேயே இருக்கு” என்று ஓட்டுநர் அடித்த கமெண்டுக்கு வேன் முழுவதும் சிரித்தது. மாலைக்குள் இருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சந்திரகிரியில் நின்ற முக்கால் மணி நேரம் போதவில்லை. விஜயநகர அரசு தன் கடைசிக் காலத்தில் தலைநகராகக் கொண்டிருந்த கோட்டை அது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கிடைத்தபோது இந்தப் பகுதி அந்த அரசின் நாயக்கர்களிடம்தான் இருந்தது. ஜார்ஜ் டவுனிலிருந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் ராஜ மகாலின் முன்னே படம் எடுத்துக்கொள்ள மட்டும் இறக்கிவிட்டது பெரிய விடுபடல். மகாலுக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை ஓட்டமாக ஓடிப் பார்த்தோம்.

இனி ஸ்ரீவாரி மெட்டு. அலிபிரியிலிருந்து ஏறும் 3,550 படிகளோடு ஒப்பிட்டால் இது குறுகியது. 2,388 படிகள், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். தூரம் குறைவு என்றதும் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. அதே மலையைக் குறைந்த தூரத்தில் ஏறுவதால் படிகள் செங்குத்தாக இருக்கின்றன, நடுவில் மூச்சு வாங்கச் சமதளம் அதிகம் இல்லை. அடிவாரத்திலுள்ள ஸ்ரீநிவாச மங்காபுரத்தைப் பற்றிய கதையை வழிகாட்டி நன்றாகவே சொன்னார்: நாராயணவனத்தில் பத்மாவதியை மணம் முடித்த சீனிவாசன், புதுமணத் தம்பதியர் ஆறு மாதம் மலை ஏறக் கூடாது என்று அகத்தியர் தடுத்ததால் அவர் ஆசிரமத்திலேயே தங்கினானாம், ஆறு மாதம் கழித்து அவன் மலைக்குப் போன வழியே இந்தப் படிவழி என்பது நம்பிக்கை.

ஆனால் படி ஏறத் தொடங்கியபோது இந்தச் சேவையின் அடிப்படைக் கோளாறு தெரியத் தொடங்கியது. குழு அனுப்பிய பட்டியலில் கனத்த மலையேற்றக் காலணி கட்டாயம் என்று இருந்தது. அடிவாரத்தில் இறங்கியதும், இது பெருமாள் வழி, செருப்பைக் கழற்றி வேனில் போடுங்கள் என்றார்கள். ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களை அவர்களே கையில் கொடுத்தார்கள். திருமலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் சோதனைச் சாவடியில் அத்தனையையும் வாங்கி வைத்துவிட்டார்கள். மலை உச்சியில் எந்தப் பொருளுக்கு அனுமதி உண்டு என்பதை மாதம் தவறாமல் ஆள் கூட்டி வருகிற ஒரு குழு அறியாதிருக்க நியாயமில்லை.

இதைவிடக் கடுமையான அலட்சியம் ஒன்றும் நடந்தது. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதற்கு முன் ஜூன் மாதத்தில் ஒரு சிறுவனைக் கவ்விச் சென்றது, அவன் பிழைத்துக்கொண்டான். அதன் பிறகே பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நடைபாதையில் விடக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. நடந்து போகிறவர்களுக்குக் கையில் தடி கொடுக்கும் வழக்கமும் கொஞ்ச காலம் நடந்தது. இந்த விதிகள் அவ்வப்போது தளர்வதும் இறுகுவதும் உண்டு. எங்கள் வேனில் வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் எட்டு வயதுப் பையன் இருந்தான். அவர்களுக்கு இது பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. காலைச் சாப்பாட்டுக்கும் கோட்டைக்கும் நேரம் கழிந்து, இரண்டு மணிக்குச் சற்று முன்னால்தான் அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். பையனின் அம்மா படிக்கு ஒரு கற்பூரம் என்று வேண்டிக்கொண்டு வந்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டு, மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏற வேண்டியதாயிற்று. அமைப்பாளர் தம்பி அப்போதும், “அதெல்லாம் பார்த்துக்கலாம்கா, வாங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சிறுத்தை நடமாடும் பாதையில் அந்தப் பதில் போதாது.

படிவழியின் இருபுறமும் காடு. பக்தர்களின் கூட்டம் ஒரு பக்கம் கோவிந்தா போட, மறுபக்கம் பள்ளத்தில் மஞ்சள்தொண்டைச் சின்னான் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது. தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. எங்களுக்கு முன்னே போன பெண்கள் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே போனார்கள். ஆதிசேஷனே மலையாகக் கிடக்கிறான் என்பதால் படியை மிதிக்கும் முன் வணங்குவது முறை என்பார்கள். வாயுவுக்கும் ஆதிசேஷனுக்கும் யார் பலசாலி என்று போட்டி வந்தபோது, சேஷன் மேருவின் ஒரு பகுதியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, வாயு அதைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து போட்டான் என்பது புராணம். திருமலை சேஷனின் படம், அகோபிலம் உடல், ஸ்ரீசைலம் வால் என்று ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டபின் வரைபடத்தைப் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கே வளைந்து போகும் அந்த மலைவரிசைக்கு அந்தக் கதை நன்றாகவே பொருந்துகிறது. இராமானுசர் சேஷன்மேல் கால் பதிக்க அஞ்சி முழங்காலால் ஏறியதாகச் சொல்லும் முழங்கால் முறிச்சான் படிகள் அலிபிரிப் பாதையில் இருக்கின்றன. அந்த வழி இந்தத் திட்டத்தில் இல்லை.

குழுவிலிருந்த இளைஞர்கள் சிலர் தோளில் புளூடூத் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு சினிமாப் பாட்டு போட்டார்கள். வழிகாட்டி தடுக்கவில்லை. படி தடவிக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் திரும்பிப் பார்த்து, “ஏம்பா, சாமி காதுல விழறதுக்கு எங்க கோவிந்தா பத்தாதா?” என்று கேட்டு நிறுத்தினார்.

மலை மேல் போன பிறகு நேரம் முழுவதும் தரிசனத்துக்கே போயிற்று. குழுவில் பாதிப் பேர் வரிசைக்குப் போனார்கள், மீதிப் பேர் அவர்கள் வரும்வரை காத்திருந்தோம். மாலை நான்கு மணிக்குப் பார்ப்பதாக இருந்த சிலாதோரணத்தை வெளிச்சம் மங்கும் நேரத்தில் பத்து நிமிடம் பார்த்தோம். ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அந்தக் கல் வளைவு மனிதர் கட்டியதல்ல. கெட்டியான குவார்ட்சைட் பாறையைக் காற்றும் நீரும் அரித்துச் செய்த தோரணம். பெருமாள் மலைக்கு வந்தபோது முதல் அடியை நாராயணாத்திரி உச்சியிலும், இரண்டாம் அடியை இந்தத் தோரணத்தின் அருகிலும், மூன்றாம் அடியை இப்போது கோயில் இருக்கும் இடத்திலும் வைத்தார் என்று நம்புகிறார்கள். ஆகாச கங்கை, பாபவிநாசம் என்னும் இரண்டு தீர்த்தங்களும் கைவிடப்பட்டன. பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் நீர் சுமந்துவந்த திருமலை நம்பியிடம் வேடன் உருவில் வந்த பெருமாள் “தாதா, தாகம்” என்று கேட்டுக் குடத்து நீரைக் குடித்துவிட்டு, பதிலுக்கு மலையில் அம்பு எய்து ஆகாச கங்கையை வரவழைத்த கதையை வேனில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டோம். மொட்டை அடித்து வந்த ஒருவரைப் பார்த்து வழிகாட்டி சொன்ன இன்னொரு கதையையும் குறிப்பிட வேண்டும். புற்றுக்குள் இருந்த சீனிவாசனுக்குப் பசு பால் சொரிந்ததைக் கண்ட இடையன் கோடரியை வீச, அது சீனிவாசன் தலையில் பட்டு முடி பெயர்ந்ததாம். நீளாதேவி என்னும் கந்தர்வப் பெண் தன் கூந்தலை அறுத்து அந்த இடத்தில் ஒட்டினாளாம். ஏழு மலைகளில் நீலாத்திரி அவள் பெயரால் ஆனது. முடி காணிக்கையும் அவளுக்கு உரியது என்பார்கள். இவ்வகைக் கதைகளில் எங்கள் வழிகாட்டி தேர்ந்தவர். ஆகாச கங்கைப் பக்கத்து அஞ்சனாத்திரியே அனுமன் பிறந்த இடம் என்று தேவஸ்தானம் 2021-இல் அறிவித்ததையும், கர்நாடகத்தின் கிஷ்கிந்தைக்காரர்கள் அதை ஏற்க மறுப்பதையும்கூட ஒரு பட்டிமன்றப் பேச்சாளரைப் போல விரித்துரைத்தார்.

இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. திட்டத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்த ‘பாறைகளின் இடைவெளி’ இருக்கும் வளைவை வேன் நிற்காமல் கடந்துபோயிற்று. எனக்கு மிகவும் வருத்தம் தந்த இழப்பு அது. திருமலை மலைப்பாதையில் வெட்டுண்டு தெரியும் அந்தப் பாறைச் சுவரில், கீழே 210 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கருங்கல்லும், அதன்மேல் ஏறத்தாழ 160 கோடி ஆண்டு வயதுடைய நகரிக் குவார்ட்சைட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இடையிலுள்ள சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு அங்கே ஒரு படிவுகூட இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. காலையில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற நகரி மலையின் பெயரைத் தாங்கிய அதே பாறை. பகலில் ஐந்து நிமிடம் நிறுத்தியிருந்தால் இந்த மலைத்தொடர் எப்படி உருவானது என்பதைக் கைவைத்துக் காட்டியிருக்கலாம்.

விடுதி திருப்பதியில். சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாளுக்குத்தான் இந்தப் பணம் தகும். திருப்பதியிலிருந்து பாக்கராப்பேட்டை வழியாக அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போனால் தலக்கோனா. நுழைவாயிலில் நெரபைலு கிராமத்துக்காரர் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். வனத்துறையோடு சேர்ந்து இயங்கும் கிராமக் குழுவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். தமிழைத் தெலுங்கு மணத்தோடு பேசுகிறவர். முதல் வேலையாக ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னார், இரண்டாவதாக எல்லோர் கையிலும் இருந்த தின்பண்டப் பொட்டலங்களை வேனிலேயே வைக்கச் சொன்னார். குரங்குகள் அங்கே கையிலிருந்து பிடுங்குகின்றன. அதற்குப் பிறகு பயணத்தின் தரமே மாறிவிட்டது.

சித்தேஸ்வரர் கோயிலிலிருந்து அருவிக்குப் போகும் காட்டுப்பாதையை அவர் அவசரப்படாமல் நடத்திக்கொண்டு போனார். ஓரிடத்தில் மனிதத் தொடை பருமனில் ஒரு கொடி மரத்துக்கு மரம் தாவிப் பல நூறு அடி போயிருந்தது. அதன் காய் ஒரு முழத்துக்கும் நீளமாக, விதைக்கு விதை கட்டம் பிரித்தாற்போல் இருந்தது. உதிர்ந்து கிடந்த ஒரு விதையை எடுத்துப் பையனிடம் கொடுத்து, பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். சருகுமான் ஓடிய தடத்தைக் காட்டினார். விரல் நகம் அளவுக் குளம்பு. மலை அணிலின் கூட்டைக் காட்டினார். அணிலும் சிறிது நேரத்தில் தரிசனம் தந்தது. தேவாங்கு இரவில் நடமாடுவது, பகலில் தேடினால் அதற்குத் தொந்தரவு என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். ‘தேவாங்கு காணலாம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்த அமைப்பாளர் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்பல்லி விஷயம் தனியாக எழுதத் தகுந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறை இடுக்குகளில் மட்டும் வாழும் இந்தப் பல்லியை 1870-இல் பெடோம் என்னும் ஆங்கிலேய அதிகாரி முதலில் விவரித்தார். திருமலைக் காட்டில் மட்டும் வளரும் ஒரு வகைச் சைகஸ் மரத்துக்கும் அவர் பெயரே இருக்கிறது. அருவிக்கு முன்னால் கவிந்து நிற்கும் ஒரு பாறையின் அடிப்பக்கத்தைக் கிராமத்து வழிகாட்டி கைவிளக்கால் காட்டி எங்களைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சுவரில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாக நூற்றுக்கணக்கான முட்டைகள் பாறையோடு ஒட்டியிருந்தன. பல பெண் பல்லிகள் ஒரே இடத்தில் முட்டையிடும், ஆண்டுதோறும் அதே இடத்துக்கே வரும் என்றார். பொரித்து முடிந்த பழைய ஓடுகளின் வட்டங்கள் புதியவற்றுக்கு நடுவே கிடந்தன. உள் இடுக்கில் ஒரு தலை தெரிந்தது. தொண்டை மட்டும் மஞ்சள் தேய்த்த நிறம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லிக்கு உடம்பு முழுவதும் அந்த நிறம் ஏறுமாம். யாரோ கையை நீட்டியதும், “காஞ்சிபுரத்துல தங்கப் பல்லி தொட்டீங்க இல்லே, தோஷம் எல்லாம் போச்சு. இங்கே தொடாதீங்க அண்ணா, தொட்டா அதுக்குத் தோஷம்” என்றார்.

அருவி 270 அடி. ஆந்திரத்தின் மிக உயரமான அருவி என்று சொல்லப்படுவது. மழை முடிந்த பருவத்தில் போனதால் நீர் நன்றாகவே விழுந்தது. கோடையில் போகிறவர்கள் பாறையில் ஒழுகும் ஈரத்தைப் பார்த்துவிட்டு ஏமாறக் கூடும். வழுக்கும் பாறையில் ஏறவும் ஆழமான குட்டையில் இறங்கவும் கிராமத்து வழிகாட்டி யாரையும் விடவில்லை. அமைப்பாளரோ நீச்சல் உண்டு என்று வாக்குக் கொடுத்திருந்தார். மர உச்சிகளின் ஊடே சுமார் 240 மீட்டர் நீளத்துக்குப் போகும் கயிற்றுப் பாலத்தில் நடந்தோம். ஆடுகிற பாலத்தில் நின்றுகொண்டு அரசவால் ஈப்பிடிப்பானின் வெள்ளை வால் இலைகளுக்குள் போவதைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம்.

திரும்பும் வழியில் செம்மரங்களைக் காட்டினார். முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாக வெடித்த பட்டை. நாணயம் போன்ற வட்டக் காய், நடுவில் ஒரு புடைப்பு. வெட்டுப்பட்ட ஓர் அடிமரத்தில் வெளிவட்டம் வெளுப்பாகவும் நடுப்பகுதி ரத்தச் சிவப்பாகவும் தெரிந்தது. நம் வீட்டுக் கொலுவில் ஜோடியாக நிற்கும் பழைய மரப்பாச்சி இந்தக் கட்டையில்தான் செய்தது. சேஷாசலத்தையும் அதையொட்டிய சில மலைகளையும் விட்டால் இந்த மரம் இயற்கையாக வளரும் இடம் உலகில் வேறு இல்லை. அதனால்தான் அதற்கு அவ்வளவு விலை. சென்னைத் துறைமுகத்தில் ஏதேதோ சரக்கின் பெயரைப் போட்டு வந்த கண்டெய்னரில் செம்மரக்கட்டை பிடிபட்ட செய்தி நம் பக்கத்துக்குப் பழகிப்போன ஒன்று. வெட்டப் போகிறவர்களோ ஏழைக் கூலிகள். 2015 ஏப்ரல் 7 அன்று இதே மலைத்தொடரில் ஆந்திரச் சிறப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபது பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டக்காரர்கள். மலையின் எல்லாக் கதைகளையும் சொன்ன எங்கள் குழுவின் வழிகாட்டி இதை மட்டும் சொல்லவில்லை. செம்மரக் காட்டைக் காட்ட ஆள் கூட்டி வருகிறவர்கள் கந்தர்வர் கதையோடு இதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

கந்தர்வர் என்றதும் நினைவுக்கு வருகிறது: அடுத்த பயணமாகத் தும்புரு தீர்த்தத்துக்கு நினைத்த வாரத்தில் கூட்டிப் போவதாக அமைப்பாளர் திரும்பும் வேனில் முன்பதிவு கேட்டார். சோம்பிக் கிடந்த மனைவியைத் தவளையாகும்படி கந்தர்வன் தும்புரு சபித்ததும், மரப்பொந்தில் கிடந்த அவள் அகத்தியர் தீர்த்தத்தின் பெருமையைச் சொல்லக் கேட்டு விமோசனம் பெற்றதும் அந்த இடத்தின் கதை. செங்குத்தான இரு பாறைச் சுவர்களின் நடுவே நீரில் நடந்து போகும் அந்த வழி பங்குனி உத்திரப் பௌர்ணமியை ஒட்டியே பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. குமாரதாரைக்கு மாசிப் பௌர்ணமி, இராமகிருஷ்ண தீர்த்தத்துக்குத் தைப் பௌர்ணமி. மற்ற நாட்களில் அனுமதியில்லாமல் போனால் அது காப்புக் காட்டுக்குள் அத்துமீறல். செம்மரக் கடத்தலுக்காகக் கண்காணிக்கப்படும் காட்டில் வழக்கு உங்கள் பெயரில்தான் பதிவாகும், குழுவின் பெயரில் அல்ல. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பேச்சு சாப்பாட்டுக்கு மாறிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் முழுச் சைவம்; திருமலைக்கு அதுவே முறை என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை, ஆனால் பொட்டலத்து எலுமிச்சைச் சோறு மதியத்துக்குள் வறண்டுபோயிருந்தது. இரண்டாம் நாள் தலக்கோனா அருகே ஒரு வீட்டில் சொல்லி வைத்துப் போட்ட ராகிச் சங்கடி என்னும் களியுருண்டையும் நாட்டுக்கோழிக் குழம்பும் அருமை. உருண்டையின் நடுவில் குழி பறித்து நெய்யை விட்டு, குழம்பைச் சுற்றி ஊற்றி, மென்று தின்னாமல் வழித்து விழுங்க வேண்டும் என்று அந்த வீட்டு அம்மா நின்று சொல்லிக் கொடுத்தார். காசிமேட்டுப் பெரியவர் மூன்றாவது உருண்டைக்கும் இலையை நீட்டினார்.

மொத்தத்தில் இந்தச் சேவை இரண்டு பயணங்களை ஒரே சீட்டில் கட்டி விற்கிறது. தரிசனத்துக்கு வந்தவருக்கு நிம்மதியான தரிசனமும் இல்லை, மலை பார்க்க வந்தவருக்கு முதல் நாளில் மலையும் இல்லை. தலக்கோனாவை மட்டும் இரண்டு நாளாக்கி, முதல் நாளில் சந்திரகிரியையும் மலைப்பாதைப் பாறையையும் பகல் வெளிச்சத்தில் காட்டினால் இதே 3,200 ரூபாய்க்கு மறுபேச்சில்லாமல் போகலாம். இப்போதைய வடிவில், கால் வலுவுள்ள பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பேன். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் நடைபாதையின் அன்றைய நேரக் கட்டுப்பாட்டைத் தாமே விசாரித்துக்கொள்ள வேண்டும். குழுவை நம்பி இருக்க வேண்டாம். மாதவரம் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பதிக்கு எந்நேரமும் பேருந்து இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்தால் திருப்பதியில் ஒரு கார் எடுத்துக்கொண்டு, தலக்கோனா வாயிலில் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது இதைவிட மலிவாகவும் முடியும்.

இதையெல்லாம் சுருக்கி அமைப்பாளருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். தண்ணீர்ப் பாட்டிலையும் காலணிப் பட்டியலையும் திருத்திவிடுவதாகவும், பிள்ளைகளுக்கான கட்டுப்பாட்டை விளம்பரத்திலேயே போடுவதாகவும் பதில் வந்தது. தரிசனத்தை எடுத்துவிட்டால் வேன் நிறையாது என்றும் எழுதியிருந்தார். அந்தக் கணக்கு உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் தரிசனக்காரர்களுக்கு ஒரு வேன், காட்டுக்காரர்களுக்கு ஒரு வேன் என்று மாதம் மாற்றி மாதம் விடலாமே என்று கேட்டிருக்கிறேன்.